தோழிமார் கையில் பூச்செண்டு இருக்கட்டும், அப்பா தலையில் கடன் வேண்டாம்



கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கோயிலில் தொண்டு செய்கிற நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், அடுத்த வருஷம் வைக்கப் போகிறவர்கள், தோழியாக நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கும் தங்கச்சிமார்கள் எல்லாரும் பொறுமையா கடைசிவரை படிங்க. படிச்சிட்டு கோபம் வந்தா திட்டுங்க, பரவாயில்லை. ஆனா படிங்க.

விஷயம் இதுதான்: கோயில் கல்யாணத்தில் தோழிகள் கையில் பிடிக்கும் பூச்செண்டு.

"சாமி காரியம் பார்க்கிறவங்களுக்கு பூச்செண்டு பத்தி என்ன பேச்சு?" என்று கேட்பீங்க. பேச்சு இருக்கு. ஏன்னா மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பின பிறகு மண்டபத்தைக் கூட்டுறது நாங்கதான். முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்தில் காலையில் ஒரு கல்யாணம், அது முடிஞ்சு அடுத்த முகூர்த்தத்தில் இன்னொன்று. நடுவில் எங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணியில் நாங்கள் பொறுக்குவது என்ன தெரியுமா? நாற்காலிக்கு அடியில் ஒரு செண்டு. படிக்கட்டில் இரண்டு. கை கழுவும் இடத்தில் ஒன்று. நவக்கிரகம் பக்கத்தில் யாரோ சாய்த்து வைத்துவிட்டுப் போனது ஒன்று. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. காலையில் வந்து இறங்கிய பூ, மாலை மாற்றி, தாலி கட்டி, நாலு படம் பிடித்த உடனே அனாதை.

சாமிக்குச் சாத்திய பூவுக்குக்கூட ஒரு மரியாதை இருக்கு. நிர்மால்யம் என்று தனியாக எடுத்து, கால்படாத இடத்தில், மரத்தடியில் போடுவோம். அது மண்ணோடு மண்ணாகிவிடும். இந்தச் செண்டை அப்படிப் போட முடியலையே! உள்ளே கம்பி. கம்பிக்கு மேலே டேப். குண்டூசி. நெட் துணி. பூவின் மேலே மினுமினுப்புத் தூள். அடியில் பிளாஸ்டிக் பிடி, அதுக்குள்ளே பச்சை நிற ஸ்பாஞ்ச். பிரித்துப் போடலாம் என்று உட்கார்ந்தால் விரலில் ஊசி குத்தும். கடைசியில் எல்லாம் கறுப்புப் பையில்தான்.

அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் பற்றி ஒரு வார்த்தை. தண்ணி ஊறும், பூவைக் குத்தி வைக்கலாம், அதனால் ஏதோ பாசி, மரத்தூள் என்று பலர் நினைக்கிறீர்கள். இல்லை. அது பினால், பார்மால்டிஹைடு கொண்டு செய்த ஒரு வகைப் பிளாஸ்டிக். மக்காது. கையில் நசுக்கினால் பொடியாகும், அந்தப் பொடி கால்வாயில் போகும், அங்கிருந்து ஆற்றுக்குப் போகும். இங்கிலாந்தில் புகழ்பெற்ற செல்சி மலர்க் கண்காட்சியை நடத்துகிற தோட்டக்கலைச் சங்கமே 2021-லிருந்து தன் கண்காட்சிகளில் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. மேல்நாட்டு மோஸ்தர் என்று நாம் பிடித்துக்கொண்டதை மேல்நாட்டுக்காரர்களே விட ஆரம்பித்துவிட்டார்கள். நாம் இன்னும் கோயிலுக்குள் கொண்டு வருகிறோம்.

இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் தோழிகளுக்கு எதிரி இல்லை. பூச்செண்டுக்கும் எதிரி இல்லை.

"தோழி, செண்டு எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், கோயிலில் தடை போடணும்" என்று சொல்கிற பெரியவர்கள் சிலர் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களோடும் எங்களுக்குச் சண்டைதான். அகநானூற்றின் 86-ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் ஒரு தமிழ்க் கல்யாணத்தைப் பாடியிருக்கிறார். அதில் பிள்ளை பெற்ற மங்கலப் பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் இட்ட நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். மணப்பெண்ணைச் சுற்றி நாலு பெண்கள், நடுவில் பூ. இதை வெள்ளைக்காரனா நமக்குச் சொல்லிக் கொடுத்தான்? பூச்செண்டு என்ற சொல்லும் நம்முடையதுதான். மாலையோடு சேர்த்து மாப்பிள்ளை கையிலும் பெண் கையிலும் செண்டு கொடுத்து உட்கார வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். தோழிகள் ஆறு பேர் அழகாகக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பெண்ணை அழைத்து வருவதைப் பார்க்க எங்களுக்கும் சந்தோஷம்தான். அந்தப் பிள்ளைகளை முறைத்துப் பார்க்கிற மாமாக்களே, கொஞ்சம் சும்மா இருங்க.

நாங்கள் எதிர்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. "தீம் கலர்" என்று சொல்லி, சேலைக் கலருக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற பூவைத் தேடி அலைகிற பைத்தியத்தை.

நடப்பது எப்படி? முதலில் கைப்பேசியில் ஒரு படம். அதில் தோழிகள் எல்லாம் சாம்பல் கலந்த ஒரு ரோஸ், அல்லது வெளிறிப்போன ஒரு பச்சை. அதே நிறத்தில் சேலை எடுக்கிறார்கள். பிறகு அந்தச் சேலைக்குப் பூ தேடுகிறார்கள். அந்த நிறத்தில் பூ இருந்தால்தானே கிடைக்கும்! சாயத்தொட்டியில் மனிதன் ஆயிரம் நிறம் கலக்கலாம். செடி அப்படிக் கலக்காது. உடனே கல்யாண ஏற்பாட்டாளர் சொல்கிறார், "வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், கொஞ்சம் செலவாகும்." இல்லையென்றால் வெள்ளை ரோஜாவுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள், ஸ்ப்ரே அடிக்கிறார்கள். நீல ரோஜா என்று ஒன்று செடியில் பூப்பதே இல்லை. நீங்கள் பார்ப்பதெல்லாம் சாயம் குடித்த ரோஜா, அல்லது சாயம் பூசிய ரோஜா. நம்ம ஊர் வெயிலில், வேர்த்த கையில், அந்தச் சாயம் பட்டுச்சேலையில் ஒட்டினால் யார் கொடுப்பது சேலைக் காசு?

பூவுக்கு ஏற்ற சேலை எடுக்கலாம். சேலைக்கு ஏற்ற பூவை நம்மால் படைக்க முடியாது. இதுதான் இந்தப் பதிவின் மொத்தச் சாரம்.

இப்போது கணக்குக்கு வருவோம். எட்டுத் தோழி. ஒரு செண்டு 150 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்கும் 1,200 ரிங்கிட். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். காவல் வேலை பார்க்கிற அப்பா, கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கிற அம்மா, இவர்களில் ஒருவரின் ஒரு மாத உழைப்பில் பெரும்பகுதி, இரண்டு மணி நேரம் கையில் இருந்துவிட்டு எங்கள் கறுப்புப் பைக்கு வருகிறது. இது தோழிகள் செண்டு மட்டும். பெண்ணின் செண்டு, மண்டப வாசல், கார் அலங்காரம், அதெல்லாம் தனி.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். கூட்டுறவுக் கடன். கிரெடிட் கார்டு. 2024 மே மாதம் இ.பி.எஃப்.-இல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மூன்றாவது கணக்கு ஒன்று திறந்து கொடுத்தார்களே, அது ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவசரத்துக்கும் கை கொடுக்க வேண்டிய பணம். அதை எடுத்து ஸ்ப்ரே அடித்த ரோஜா வாங்கினால், நாளைக்கு முட்டி வலிக்கும்போது அப்பா யாரிடம் போய் நிற்பார்?

இன்னொரு கணக்கை யாரும் போடுவதில்லை. தோழியின் கணக்கு. தீம் கலர் சேலையை அந்தப் பிள்ளையே வாங்க வேண்டும். அந்த நிறம் அவளிடம் இருக்காது, அதற்குப் பிறகும் கட்ட மாட்டாள். ஜாக்கெட் தையல் கூலி, வளையல், மேக்கப், எல்லாம் அவள் கையிலிருந்து. சில கல்யாணங்களில் செண்டுக்கும் அவளையே பங்கு போடச் சொல்கிறார்கள். கல்லூரியில் படிக்கிற பிள்ளை, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற பிள்ளை என்ன செய்யும்? "எனக்கு அன்னைக்கு லீவு கிடைக்கல" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். சின்ன வயதிலிருந்து கூட விளையாடினவள், கல்யாணத்தன்று பக்கத்தில் நிற்க முடியாமல் போவது ஒரு நிறத்துக்காகவா? மணப்பெண்களே, உங்கள் தோழிகளில் யாருக்காவது இப்படி லீவு கிடைக்காமல் போயிருந்தால், தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க.

இதைச் சொன்னால் எங்களுக்கு வரும் பதில்கள் நாலு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வாழ்க்கையில ஒரு நாள்தானே." ஆமாம், ஒரு நாள்தான். கடன் தவணை மட்டும் பல மாதம். அந்த ஒரு நாளில் பெண்ணும் மாப்பிள்ளையும் நினைவில் வைத்திருக்கப் போவது தாலி கட்டின நிமிஷத்தை. தோழி கையில் இருந்தது உள்ளூர்ப் பூவா வெளிநாட்டுப் பூவா என்பதை அல்ல.

"போட்டோ நல்லா வரணும்." நல்லா வர வேண்டும், நாங்களும் சொல்கிறோம். ஆனால் ஒரே நிறச் சேலைக்கு முன்னால் அதே நிறப் பூவைப் பிடித்தால் படத்தில் பூ தெரியவே தெரியாது. சேலையோடு சேர்ந்து மறைந்துவிடும். உங்கள் படம் பிடிப்பவரிடமே கேட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டுவது மாறுபட்ட நிறம்தான். இதை நமக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டாம். காஞ்சிபுரத்து நெசவாளி எப்போதோ செய்து காட்டிவிட்டார். கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரை. மாம்பழ மஞ்சளுக்கு ஊதாக் கரை. உடலும் கரையும் ஒரே நிறமாக இருந்தால்தான் அழகு என்று அவர் நினைத்திருந்தால் நம் அம்மாக்கள் பெட்டியில் இருக்கிற பாதிச் சேலை நெய்யப்பட்டே இருக்காது.

"நாலு பேர் என்ன சொல்வாங்க." அந்த நாலு பேரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். சாம்பாரில் உப்பு இருந்ததா, பாயசம் கடைசிப் பந்திவரை வந்ததா, அவ்வளவுதான். அந்த 1,200 ரிங்கிட்டைப் பந்தியில் போட்டால் உண்மையாகவே நல்லபடி பேசுவார்கள்.

"எங்க காசு, நாங்க செலவு பண்றோம், உங்களுக்கு என்ன?" இதுதான் நியாயமான கேள்வி. உங்கள் காசு உங்களுடையதுதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் தோழியின் காசு உங்களுடையது இல்லை. கோயில் மண்டபம் உங்களுடையது மட்டும் இல்லை. கால்வாயும் ஆறும் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. உங்கள் காசு போகும் வழியில் இந்த மூன்றும் வருகிறது. அதனால்தான் பேசுகிறோம்.

திட்டிவிட்டு மட்டும் போனால் அது தொண்டு ஆகாது. குறைந்த செலவில் செண்டு எப்படி எடுப்பது, சேலைக்கு எப்படிப் பொருத்துவது என்பதையும் சொல்கிறோம். வருஷக் கணக்காகப் பூக் கட்டுகிற அக்காமார்களோடு உட்கார்ந்து தோரணம் கட்டியதில் தெரிந்துகொண்டவை இவை.

ஒன்று. நாள் குறித்த உடனே பூவைப் பாருங்கள், சேலையைப் பிறகு பாருங்கள். பூ விலை மாசத்துக்கு மாசம் மாறும். தை மாதக் கல்யாணம் என்றால் பொங்கல், தைப்பூசம், அதே சமயத்தில் சீனப் புத்தாண்டு, போதாததற்கு பிப்ரவரி 14 காதலர் தினம். ரோஜா பக்கமே போகாதீர்கள். பங்குனிக் கடைசியில் சீனர்களின் சிங் மிங் வரும், கல்லறைக்குச் செவ்வந்தி வாங்குவார்கள். வைகாசி பிறக்கும்போது மே 16 ஆசிரியர் தினம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் செண்டு வாங்குவார்கள். ஆவணியில் விநாயகர் சதுர்த்தி, மல்லிகை ஏறிவிடும். உங்கள் முகூர்த்த வாரத்தில் எது மலிவு என்று பூக்கடையில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு சேலைக் கடைக்குப் போங்கள்.

இரண்டு. நம் நாட்டிலேயே பூ இருக்கிறது. கேமரன் மலையில் செவ்வந்தி, ரோஜா, கார்னேஷன் எல்லாம் விளைகிறது. அங்கே விளைகிற செவ்வந்தியை ஜப்பான்காரர் கப்பலிலும் விமானத்திலும் வரவழைத்துக்கொள்கிறார். நமக்கு அது லோரியில் சில மணி நேரத்தில் வருகிறது, நாம் வேறு நாட்டுப் பூ தேடுகிறோம். டென்ட்ரோபியம் ஆர்க்கிட் நம் வெக்கையில் வளர்கிற பூ. ஊதாவும் வெள்ளையும் சுலபமாகக் கிடைக்கும், எளிதில் வாடாது. மல்லிகை விஷயத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள், அருமையான பூ, ஆனால் அது விமானத்தில் வருகிறது. அதைத் தலைக்கும் மாலைக்கும் வையுங்கள். செண்டு முழுக்க மல்லிகை என்றால் செலவு கையைக் கடிக்கும்.

மூன்று. நிறப் பொருத்தம். சேலையின் உடலைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள். சரிகைக் கரை என்றால் மஞ்சளும் சந்தன நிறமும் எதற்கும் ஒத்துப்போகும். அரக்கு, மெரூன் சேலைக்கு வெள்ளை ஆர்க்கிட், நடுவில் கொஞ்சம் மஞ்சள் செவ்வந்தி. ஊதாச் சேலைக்கு மஞ்சள் செவ்வந்தி அல்லது செண்டுமல்லி. அடர்நீலத்துக்கு ஆரஞ்சு செண்டுமல்லி. நீலப் பூ தேடி அலையவே வேண்டாம். கடுகு மஞ்சளுக்கு ஊதா ஆர்க்கிட், அல்லது வாடாமல்லி. வாடாமல்லி பேருக்கு ஏற்ற மாதிரி மறுநாளும் அப்படியே இருக்கும். பச்சை எந்தப் பச்சையாக இருந்தாலும் வெள்ளையும் இளஞ்சிவப்பும். வெளிறிய ரோஸ், பீச் சேலைக்குச் சம்பங்கி, கூட மரிக்கொழுந்து, மணமும் கிடைக்கும். ஒவ்வொரு தோழியும் தன்னிடம் இருக்கிற பட்டுச்சேலையையே கட்டட்டும் என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. ஆறு பேர் ஆறு நிறம், கையில் மட்டும் ஒரே மாதிரி மஞ்சளும் வெள்ளையும் கலந்த செண்டு. எல்லாரையும் ஒன்றாகக் காட்டுவதற்கு அந்தச் செண்டே போதும். இதில் தோழிக்குச் செலவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. தனி வெள்ளைச் செவ்வந்தி மட்டும் வைத்துச் செண்டு கட்டாதீர்கள். சீன நண்பர்களுக்கு அது சாவு வீட்டுப் பூ. வரும் விருந்தாளி மனம் சங்கடப்படக் கூடாது. இன்னொன்று, அரளி. சாமி மாலைக்கு அழகான பூதான், ஆனால் அது நஞ்சுச் செடி. பூப்போடுகிற சின்னப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள், வாயில் வைத்துவிடும்.

நான்கு. துணியைக் கொண்டு போங்கள். சேலையோடு வருகிற ஜாக்கெட் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு, காலை வெளிச்சத்தில் பூக்கடைக்குப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைப்பேசிப் படம் பொய் சொல்லும். மண்டபத்து மஞ்சள் விளக்கும் பொய் சொல்லும்.

ஐந்து. சின்னதாக இருக்கட்டும். ஒரு கைக்குள் அடங்குகிற செண்டு போதும். கோயில் கல்யாணத்தில் தோழிக்கு வேலை இருக்கிறது. ஆரத்தித் தட்டு பிடிக்க வேண்டும், சீர்த்தட்டு தூக்க வேண்டும், பெண்ணின் மாலை சரிந்தால் தூக்கிவிட வேண்டும், அட்சதை கொடுக்க வேண்டும். குடம் அளவுக்கு ஒரு செண்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் இதையெல்லாம் யார் செய்வது? கடைசியில் பெரியம்மாதான் ஓட வேண்டியிருக்கிறது.

ஆறு. இலையைச் சேருங்கள். பண்டான் இலை பல வீட்டுக் கொல்லையில் வளர்கிறது. அதை மடித்தால் ரோஜா மாதிரியே வரும், வாசனை வேறு. மாவிலை, குருத்தோலை, வெற்றிலை, மரிக்கொழுந்து எல்லாம் பூவின் எண்ணிக்கையைக் குறைக்கும், செண்டை நிறைவாகக் காட்டும். நம் மலாய் நண்பர்கள் கல்யாணத்தில் வெற்றிலையை அடுக்கிச் செய்கிற சீரே ஜுன்ஜோங்கைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலையை வைத்து அவ்வளவு கம்பீரமாகச் செய்கிறார்கள். வெற்றிலை நமக்கும் மங்கலப் பொருள்தானே? நமக்கு மட்டும் ஏன் வெட்கம்?

ஏழு. வாழைநாரில் கட்டுங்கள், இல்லையென்றால் பருத்தி நூலில். பிடிக்கு ஒரு துண்டுத் துணி சுற்றினால் போதும். தோழியின் ஜாக்கெட் துணியில் மிச்சம் இருந்தால் அதையே சுற்றுங்கள். நிறப்பொருத்தம் வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களே, அது அங்கேயே வந்துவிடும், காசில்லாமல். ஸ்பாஞ்ச் வேண்டாம், கம்பி வேண்டாம், மினுமினுப்பு வேண்டாம்.

எட்டு. வாடாமல் வைக்க ஒரு வழி. முதல் நாள் சாயங்காலம் வாங்கி, காம்பைச் சாய்வாக வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். காலையில் கட்டி, ஈரத்துணியோ வாழையிலையோ சுற்றிக் கொண்டு வாருங்கள். முக்கியமாக, சீர்த்தட்டு வாழைப்பழத்தோடும் ஆப்பிளோடும் ஒரே காரில், ஒரே குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அதில் ஆர்க்கிட்டும் கார்னேஷனும் சீக்கிரம் வாடிவிடும். "நல்ல கடையில்தான் வாங்கினோம், காலையில் பார்த்தால் தொங்கிப்போச்சு" என்று அழுகிறவர்கள், பூ இரவு எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பூ கட்டுகிறவர்களைப் பற்றி. கோயில் வாசலில், பிரிக்பீல்ட்ஸில், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், பினாங்கு லிட்டில் இந்தியாவில், சிங்கப்பூரில் கேம்பல் லேன் பக்கம், நம் ஆட்கள் விடியுமுன் உட்கார்ந்து பூத் தொடுக்கிறார்கள். சாமிக்கும் மாலை, பெண்ணுக்கும் மாலை, செத்தவருக்கும் மாலை, எல்லாம் அவர்கள் கையால்தான். அவர்களிடம் மாலை வாங்கும்போது ஐந்து ரிங்கிட்டுக்குப் பேரம் பேசுகிறோம். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் செண்டுக்குச் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம். இது என்ன நியாயம்? அந்த அக்காவிடம் போய் "தோழிங்களுக்கு ஆறு செண்டு வேணும், இந்தப் படம் மாதிரி, நம்ம பூவுல" என்று கேளுங்கள். மாலை கட்டுகிற கை செண்டு கட்டாதா? ஒரு மாதம் முன்னால் சொல்லி, ஒன்று மாதிரிக்குக் கட்டச் சொல்லிப் பாருங்கள். காசும் நம் சனத்திடமே போகும்.

பூக்கடைக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று. "எங்களுக்கு மாலை மட்டும்தான் தெரியும்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். வந்த பிள்ளை அடுத்த தடவை வராது. இரண்டு மூன்று மாதிரி கட்டி, விலை எழுதிக் கடையில் மாட்டுங்கள். விலை வெளியே தெரிந்தால்தான் இளையவர்கள் உள்ளே வருவார்கள்.

கோயில் நிர்வாகத்தினரே, உங்களையும் விடப்போவதில்லை. மண்டபத்துக்குப் பதிவு செய்கிற பாரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, அசைவம் கூடாது என்று எழுதியிருக்கிறோம். அதோடு இரண்டு வரி சேர்க்க என்ன தடை? ஸ்பாஞ்ச், மினுமினுப்பு, ஸ்ப்ரே அடித்த பூ உள்ளே கூடாது. கொண்டுவந்த செண்டைக் கொண்டுவந்தவரே எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது நாரில் கட்டியதாக இருந்தால் நிர்மால்யக் கூடையில் போடலாம். ஒரு கூடை, ஒரு பலகை, அவ்வளவுதான் செலவு. அலங்காரத்துக்கு இன்னாரிடம்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற கோயில்கள் அந்தக் கட்டாயத்தை எடுங்கள். ஏழை வீட்டுக் கல்யாணம் கோயிலில் நடப்பதே செலவு குறையட்டும் என்றுதான். அங்கேயும் பேக்கேஜ் போட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

பிறகு, செண்டை மண்டபத்தில் தூக்கி எறிகிற விளையாட்டு. தயவுசெய்து கோயிலுக்குள் வேண்டாம். விளக்கு எரிகிற இடம், குழந்தைகள் ஓடுகிற இடம். ஆசையாக இருந்தால் சாயங்காலம் விருந்து ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் அந்தச் செண்டைக் கல்யாணத்துக்கு வந்த பாட்டிமார்களில் வயதில் மூத்தவர் கையில் கொடுத்து ஆசீர்வாதம் வாங்குங்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் தண்ணீரில் வைத்திருப்பார். படமும் அழகாக வரும்.

கடைசியாக மணப்பெண்களுக்கு. தங்கச்சி, உன் தோழிகளை நீ தேர்ந்தெடுத்தது அவர்கள் நிறத்துக்காக இல்லை. பரீட்சையில் தோற்றபோது, வேலை போனபோது, வீட்டில் சண்டை வந்தபோது கூட இருந்தவர்கள் என்பதற்காக. அவர்களுக்குச் செலவு வைக்காத ஒரு கல்யாணத்தைப் பண்ணு. அப்பாவிடம் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்கும்போது, "பூவுக்கு இவ்வளவு போதும்ப்பா" என்று நீயே முதலில் ஒரு சின்னத் தொகையைச் சொல். அவராக உன்னிடம் குறைக்கச் சொல்ல மாட்டார்.

அடுத்த முகூர்த்தங்களுக்கு எங்கள் கோயிலில் பதிவு செய்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு மடப்பள்ளிப் பக்கம் வாங்க. தோரணம் கட்டுகிற அக்காமார்கள் அங்கே இருப்பார்கள். நாரில் செண்டு கட்டக் கற்றுத் தருகிறோம், காசு வேண்டாம். சேலையின் ஜாக்கெட் துணியில் ஒரு துண்டு மட்டும் மறக்காமல் கொண்டு வாங்க.

வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிற நாலு பேருக்கு இதைப் பகிருங்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே பகிருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் எல்லா மணமக்களுக்கும் நல்ல துணையாக இருக்கட்டும்.